97ன்னு ஒரு மந்திரி, கணக்கே இல்லைன்னு இன்னொரு மந்திரி. இதுக்குப் பேரு பதிலா?

வைகைக்கரை:
வேற இழைல நம்ம நடுநிலையான் எழுதியிருந்தார், "எதிர்க்கட்சி எம்பிங்க வெளில வந்து கத்துறதெல்லாம் நாடகம், எழுத்துமூலமா கேட்ட கேள்வி எல்லாத்துக்கும் அரசாங்கம் பதில் குடுக்குது, லோக்சபால மட்டும் ஒரு நாளைக்கு 230 பதில், இதுக்கு மேல என்ன வேணும்"னு. படிச்சதுலேர்ந்து ஆறவே இல்ல எனக்கு. 2020 செப்டம்பர் 14, கொரோனாவுக்கு அப்புறம் பார்லிமெண்ட் கூடின முதல் நாள். ஊரடங்குல ஊருக்குப் போற வழில எத்தனை புலம்பெயர் தொழிலாளிங்க செத்தாங்க, குடும்பத்துக்கு ஏதாவது நிவாரணம் குடுத்தீங்களான்னு கேள்வி. தொழிலாளர் துறைலேர்ந்து எழுத்துல வந்த பதில் என்ன தெரியுமா? அப்படி ஒரு தரவு பராமரிக்கப்படலை, அதனால அடுத்த கேள்வியே எழவில்லை. ஆனா அதே கூட்டத்தொடர்ல ராஜ்யசபால திரிணமூல் எம்பி டெரிக் ஓ பிரையன் கேட்ட கேள்விக்கு ரயில்வே துறை எழுத்துலயே சொல்லுது, புலம்பெயர் தொழிலாளிங்களை ஊருக்கு அனுப்ப விட்ட ஷ்ரமிக் சிறப்பு ரயில்ல போனவங்கள்ல செப்டம்பர் 9 வரைக்கும் 97 பேர் இறந்துட்டாங்கன்னு. ஒரே அரசாங்கம், ஒரே மாசம். ஒருத்தர் கைல 97, இன்னொருத்தர் கைல ஒண்ணுமில்ல. நடுநிலையான், வாங்க, இதுக்கு பதில் சொல்லுங்க.

நடுநிலையான்:
வந்துட்டேன். என் பேரைப் போட்டுத் தனி இழையே திறந்திருக்கீங்க, சந்தோஷம். 97ங்கிறது ரயில்ல செத்தவங்க. தொழிலாளர் துறைகிட்ட கேட்டது நாடு பூரா செத்தவங்க. ரெண்டும் வேற. அந்தத் துறைகிட்ட தரவு இல்ல, இல்லைன்னு சொன்னாங்க. பொய்யா சொன்னாங்க? இல்லாத நம்பரை அடிச்சு விட்டிருந்தா அதுக்கும் நீங்கதான் இழை திறந்திருப்பீங்க.

வைகைக்கரை:
ரயில்ல செத்தவன் நாட்டுக்கு வெளியவா செத்தான்? நாடு பூரா கேட்டா அந்த 97ம் அதுக்குள்ள வருமா வராதா? "முழுக் கணக்கு இல்ல, ஆனா ரயில்வே கணக்குப்படி 97"னு ஒரு வரி எழுத என்ன கஷ்டம்?

சேலத்து மாம்பழம்:
அந்த 97ல முக்காவாசிப் பேருக்கு ஏற்கெனவே ஹார்ட் ப்ராப்ளம்னு ரயில்வே பதில்லயே இருக்கே. அதை மட்டும் ஏன் வசதியா விட்டுட்டீங்க சார்?

வைகைக்கரை:
முக்காவாசியா? எங்க இருக்கு முக்காவாசி? பதிலைப் படிச்சுட்டு வந்து பேசுங்க. 97 பேர்ல 87 உடலைப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்புனாங்க, அதுல 51 அறிக்கைதான் அதுவரைக்கும் கைக்கு வந்திருந்துச்சு. அந்த 51லதான் மாரடைப்பு, மூளை ரத்தக்கசிவு, நுரையீரல் நோய், கல்லீரல் நோய்னு போட்டிருக்கு. மே மாச வெயில்ல தண்ணி சோறு இல்லாம ரெண்டு நாள் ரயில்ல கெடந்தவனுக்கு இதயம் நின்னா அதுக்குப் பேரு "ஏற்கெனவே இருந்த நோய்". சரி, அதைக்கூட விடுங்க. அந்த 97லயே வராதவங்க இருக்காங்களே, அவங்க கதை? மே 8, மகாராஷ்டிரால ஔரங்காபாத் பக்கத்துல கர்மாட். நடந்தே வந்து அசந்துபோய்த் தண்டவாளத்துலயே படுத்த 16 பேர் மேல சரக்கு ரயில் ஏறிடுச்சு. தண்டவாளத்துல ரொட்டி சிதறிக் கெடந்த படத்தை எல்லாரும்தான் பார்த்தோம். அவங்க பயணிங்க இல்ல, அதனால 97ல வரமாட்டாங்க. தொழிலாளர் துறை கணக்குலயும் இல்ல, ஏன்னா அங்க கணக்கே இல்ல. அந்தப் 16 பேர் எந்தக் கணக்குலதான் இருக்காங்க?

நடுநிலையான்:
மறுபடியும் உணர்ச்சி. நான் உணர்ச்சியைப் பத்திப் பேசவே இல்ல. பதில் வந்துச்சா இல்லையா? வந்துச்சு. உங்களுக்குப் பிடிக்கலை, அவ்வளவுதான். அப்புறம் ஒண்ணு, 4621 ரயில்ல 63 லட்சம் பேரை ஊர் சேர்த்தாங்க. அதே தொழிலாளர் துறை ஒரு கோடியே நாலு லட்சத்துக்கு மேல தொழிலாளிங்க ஊர் திரும்பினாங்கன்னும் எழுத்துலயே சொல்லியிருக்கு. அதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது.

வைகைக்கரை:
இதைத்தான் எதிர்பார்த்தேன். திரும்பிப் போனவன் ஒரு கோடி நாலு லட்சத்து சொச்சம், ஆளு வாரியா எண்ணத் தெரியுது. செத்தவனை எண்ண மட்டும் தெரியலை?

வக்கீல் வீடு:
ரெண்டு பேருமே சட்டத்தைத் தொடாம சண்டை போடுறீங்க. அந்தத் தரவை வச்சிருக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? கடமை இருந்தாத்தான் தவறு. கடமையே இல்லாதப்ப "பராமரிக்கப்படவில்லை"ங்கிறது முழுசா சரியான பதில்.

வைகைக்கரை:
வக்கீல் சார், 1979ல வந்த மாநிலங்களுக்கு இடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் எந்தத் துறை சட்டம்? தொழிலாளர் துறை சட்டம்தானே? அதுல 16வது பிரிவு எடுத்துப் பாருங்க. தொழிலாளிக்கு உயிர்போற விபத்து நடந்தா ஒப்பந்தக்காரர் ரெண்டு மாநில அதிகாரிங்களுக்கும் தகவல் சொல்லணும், நெருங்கின உறவுக்கும் சொல்லணும். 2020ல அந்தச் சட்டம் வந்து 41 வருஷம் ஆயிருந்துச்சு, அப்பவும் கணக்கு இல்லைன்னா யாரு மேல தப்பு?

வக்கீல் வீடு:
அது ஒப்பந்தக்காரருக்கு இருக்கிற கடமை, மத்திய அரசுக்கு இல்ல. அதோட வேலையை விட்டுட்டு ரோட்டுல நடந்து போனவருக்கு அந்தப் பிரிவு பொருந்துமாங்கிறதே தனி வழக்கு. அரைகுறையா பிரிவு நம்பர் சொல்லாதீங்க.

வைகைக்கரை:
அரைகுறைதான் சார், நான் கோட்டு போட்டவன் இல்ல. ஆனா அந்தச் சட்டத்தையே புது தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள்ள போட்டு மூடினது எப்பன்னு தெரியுமா உங்களுக்கு? இதே 2020 செப்டம்பர் கூட்டத்தொடர். 22ம் தேதி லோக்சபா, 23ம் தேதி ராஜ்யசபா. அந்த ஆளுங்களுக்காகவே இருந்த சட்டத்தை அதே மாசம் மாத்துறீங்க, எத்தனை பேர் செத்தான்னு கேட்டா தரவு இல்ல.

பழைய பேப்பர்:
தம்பிகளா, நான் வயசானவன், ஒண்ணு சொல்லட்டுமா. கேள்வி கேட்டே மந்திரியை வீட்டுக்கு அனுப்பின காலமும் இருந்துச்சு. 1957ல எல்ஐசி பணம் ஒண்ணேகால் கோடி ரூபா போல முந்த்ராங்கிற தொழிலதிபரோட கம்பெனிங்கள்ல போட்ட விவகாரம். சபைல கேள்வி கேட்டாங்க, வந்த பதில் பத்தலை, பெரோஸ் காந்தி விடலை. நீதிபதி சாக்ளா தலைமைல விசாரணைக் கமிஷன் உக்காந்துச்சு, 1958ல நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா. பெரோஸ் காந்தி எதிர்க்கட்சியா? ஆளுங்கட்சிக்காரர், பிரதமரோட மருமகன்.

சேலத்து மாம்பழம்:
தாத்தா, டிடிகே நல்ல மனுஷன், அதிகாரிங்க பண்ணுனதுக்கு அவரைப் பலி குடுத்தாங்க. தமிழ்நாட்டுக்காரர்னுதான் அனுப்புனாங்க.

பழைய பேப்பர்:
மந்திரிதான் பொறுப்புன்னு சாக்ளா சொன்னார். தமிழ்நாட்டுக்காரர்னு அனுப்புனா 1962ல ஏன் திரும்ப மந்திரிசபைல எடுத்தாங்க? தெரியாட்டி சும்மா இரு.

சேலத்து மாம்பழம்:
மரியாதையாப் பேசுங்க பெருசு.

வைகைக்கரை:
ஐயா சொன்னதுல இருக்கிற விஷயத்தை விட்டுட்டு டிடிகேக்கு ஏன் சண்டை? சபைல நின்னு கேட்டா துணைக்கேள்வி கேட்கலாம். மந்திரி மழுப்பினா அங்கேயே "சரி, அப்ப இது என்ன"ன்னு மடக்கலாம். 2020 செப்டம்பர்ல கேள்வி நேரத்தையே எடுத்துட்டாங்க, மந்திரி சபைல வாயால பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் கேள்வி கிடையாது, எழுத்துமூல பதில் மட்டும்தான். அதனாலதான் "97 இருக்கேய்யா"ன்னு எழுந்து கேட்க ஆளில்லாமப் போச்சு. நடுநிலையான் பெருமையா சொல்ற 230 பதிலும் அந்த ரகம்தான், பேப்பர் வரும், எதிர்த்துக் கேட்க முடியாது.

தமிழ்வாணி_திருச்சி:
"நட்சத்திரக் கேள்வி"ங்கிறீங்களே, தமிழ்ல உடுக்குறி வினான்னு அழகா இருக்கு. பார்லிமெண்ட்டைப் பத்திப் பேசுறவங்க முதல்ல தமிழ்ல பேசிப் பழகலாம்.

சேலத்து மாம்பழம்:
உடுக்குறியா? உடுக்கையா? யாருக்குங்க புரியும் இது?

தமிழ்வாணி_திருச்சி:
உடுன்னா விண்மீன். உங்களுக்குப் புரியலைன்னா அது தமிழோட குறை இல்ல. இந்திக்காரன்கிட்டேர்ந்து இந்தில பதில் வாங்கிப் பழகினவங்களுக்கு அப்படித்தான் இருக்கும். சு. வெங்கடேசன் எம்பி கேட்ட கேள்விக்கே இந்தில பதில் அனுப்புனாங்க, ஐகோர்ட்டு மண்டைல குட்டுச்சு.

வக்கீல் வீடு:
அது பார்லிமெண்ட் கேள்வி இல்ல, அவர் எழுதின கடிதம். கடிதம் இங்கிலீஷ்ல வந்தா பதிலும் இங்கிலீஷ்ல போகணும்னு 2021 ஆகஸ்ட்ல மதுரைக் கிளை சொல்லுச்சு. ரெண்டையும் கலக்காதீங்க.

தமிழ்வாணி_திருச்சி:
கடிதமோ கேள்வியோ, கேட்டவர் எம்பிதானே. போன மாசம் காவிரி இழைலயும் இப்படித்தான் நடுவுல வந்து திருத்தம் சொன்னீங்க, கடைசில நீங்க சொன்னதுதான் தப்புன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுது.

வக்கீல் வீடு:
காவிரி இழைல என்ன தப்பு? காட்டுங்க.

தாமிரபரணி அக்கா:
இங்க உடுக்குறிக்கு அடிச்சுக்கிறீங்க. 2021 ஜூலை 20ம் தேதி பதிலைப் பத்தி ஒருத்தரும் வாய் திறக்கலையே. ராஜ்யசபால சுகாதாரத் துறை எழுத்துமூலமா சொல்லுச்சே, ஆக்சிஜன் பற்றாக்குறையால இறந்ததா மாநிலங்கள் குறிப்பிட்டுத் தெரிவிக்கலைன்னு. "குறிப்பிட்டு"ங்கிற அந்த ஒத்த வார்த்தை இருக்கு பாருங்க, அதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். எங்க பெரியப்பா மே மாசம் போனார். ராத்திரி ரெண்டு மணிக்கு சிலிண்டர் முள்ளு இறங்கிட்டே வருது, எங்க அண்ணன் வராண்டால ஓடிட்டே இருக்கான், மாத்த சிலிண்டர் இல்ல. சர்டிபிகேட்ல என்ன போட்டிருக்கு? இதயமும் மூச்சும் நின்னு மரணம். யாருக்குதான் நிக்காது செத்தா? அந்தத் தாள்ல ஆக்சிஜன்னு ஒரு எழுத்து இல்ல. அப்புறம் மாநிலம் எங்கேர்ந்து "குறிப்பிட்டு" தெரிவிக்கும், டெல்லி எங்கேர்ந்து "குறிப்பிட்டு" தெரிஞ்சுக்கும்?

நடுநிலையான்:
அக்கா, உங்க இழப்புக்கு வருந்துறேன், நிஜமாவே. ஆனா நீங்க சொல்றதே என் பக்கம்தான் வருது. சுகாதாரம் மாநிலப் பட்டியல். மாநிலம் அனுப்பலை, மத்திய அரசு "வரலை"ன்னு சொல்லுச்சு. அதுல எங்க பொய்?

தாமிரபரணி அக்கா:
உங்க பக்கம்லாம் ஒண்ணும் வரலை. எங்க பெரியப்பாவை உங்க பக்கம் இழுக்காதீங்க.

வைகைக்கரை:
சத்தியமங்கலம் மலையைத் தாண்டினா சாமராஜநகர். 2021 மே மாசம் அங்க 24 பேர் செத்தாங்க. கர்நாடக ஐகோர்ட்டு கமிட்டி போட்டு, ஆக்சிஜன் இல்லாமத்தான்னு அந்த மே மாசமே அறிக்கை வந்துடுச்சு, பேப்பர்ல பெருசா போட்டான். ஜூலைல பதில் எழுதின ஆளு பேப்பர் படிக்கலையா? "மாநிலம் சொல்லலை"ங்கிறது 97ஐப் பார்க்காத அதே கண்ணுதான்.

நடுநிலையான்:
திரும்ப 97. ஊறுகாய் மாதிரி எல்லாத்துக்கும் 97. கர்நாடகால அப்ப யாரு ஆட்சி, அவங்க ஏன் அனுப்பலைன்னு அவங்களைக் கேளுங்க. காங்கிரஸ் காலத்துல மட்டும் எல்லாத்துக்கும் பதில் வந்துச்சா? "தகவல் திரட்டப்பட்டு வருகிறது"ன்னு வருஷக்கணக்கா இழுத்தது யாரு?

வைகைக்கரை:
அவங்களும்தான் இழுத்தாங்க, இல்லைன்னு எவன் சொன்னான்? ஆனா நீங்க சொன்ன அந்த வாக்கியத்தையே எடுத்துக்குவோம், ஏன்னா அதுலதான் சூட்சுமமே இருக்கு. நான் மூணு வருஷம் ஒரு எம்பி ஆபிஸ்ல கேள்வி டைப் பண்ணிக் குடுத்தவன், எந்தக் கட்சின்னு கேட்காதீங்க. 15 நாளைக்கு முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும், கேள்வி 150 வார்த்தையைத் தாண்டக் கூடாது, அப்புறம் குலுக்கல்ல வரணும். வார்த்தை வார்த்தையா எண்ணி (அ), (ஆ), (இ), (ஈ)ன்னு நாலாப் பிரிப்போம், ஒண்ணுல நழுவினாலும் இன்னொண்ணுல மாட்டணும்னு. பதில் வர்ற அன்னிக்குப் பிடிஎப் திறந்தா மேலயே "(அ) முதல் (ஈ) வரை"ன்னு சேர்த்துக் கட்டி ஒரே பத்தி. நாலு கேள்வியும் அதுக்குள்ள கரைஞ்சு போயிருக்கும், எதுக்கு எது பதில்னு கண்டுபிடிக்க முடியாது. இப்ப விஷயத்துக்கு வர்றேன். "தகவல் திரட்டப்படுகிறது, சபையில் வைக்கப்படும்"னு எழுதினா அது உறுதிமொழி. மந்திரிங்க குடுத்த வாக்கு நிறைவேறுதான்னு பார்க்கிற உறுதிமொழிக் குழு கைல போயிடும், மூணு மாசத்துல நிறைவேத்தணும், இல்லாட்டி கால நீட்டிப்பு கேட்டுத் தொங்கணும், துறைச் செயலரைக் கூப்பிட்டுக் குடைவாங்க. "தரவு பராமரிக்கப்படவில்லை"ன்னு எழுதிட்டா? உறுதிமொழி இல்ல, குழு இல்ல, காலக்கெடு இல்ல, கதை முடிஞ்சுது. நிவாரணம் என்னன்னு கேட்ட பகுதிக்கு "கேள்வி எழவில்லை". எண்ணலை, அதனால செத்தவன் இல்ல, அதனால காசு இல்ல. அந்த ஒரு வரிதான் காசு குடுக்காம இருக்கிற வழி. அதுக்காகத்தான் 97, 97னு கத்துறேன். 97ஐ அந்தப் பதில்ல எழுதியிருந்தா குறைஞ்சது 97 வீட்டுக்காவது என்ன குடுத்தீங்கன்னு அடுத்த கேள்வி எழுந்திருக்கும்.

சேலத்து மாம்பழம்:
எம்பி ஆபிஸ்ல இருந்தீங்களா? அப்ப காசு வாங்கிட்டுக் கேள்வி போட்ட கதையும் தெரியுமே. 2005ல 11 எம்பிங்களைத் தூக்குனாங்களே. கேள்வி போடுற பார்லிமெண்ட் லாகினை அடுத்தவங்ககிட்ட குடுத்த விவகாரத்துல 2023 டிசம்பர்ல திரிணமூல் எம்பி மஹுவா மொய்த்ராவையும் அனுப்புனாங்க. கேள்வி கேட்கிறவன் யோக்கியதை இதுதான்.

வைகைக்கரை:
நான் என்னய்யா கேட்டேன், நீ என்னய்யா சொல்றே? கேட்டவன் யோக்கியனோ அயோக்கியனோ, ரயில்ல செத்த 97 பேர் செத்தது செத்ததுதானே!

வக்கீல் வீடு:
"குறைஞ்சது 97 வீடு"ங்கிறதும் தப்பு. ஒரே வீட்டுல ரெண்டு பேர் இருக்கலாம்.

வைகைக்கரை:
உங்களுக்கு வேற வேலையே இல்லையா சார்.

வக்கீல் வீடு:
தமிழ்வாணி, காவிரி இழைல என்ன தப்புன்னு இன்னும் காட்டலை. காத்துட்டிருக்கேன்.

நடுநிலையான்:
வைகைக்கரை இவ்வளவு எழுதியும் ஒண்ணை மட்டும் மறுக்கலை, பதில் வந்துச்சு. நான் சொன்னதும் அதைத்தான்.

வைகைக்கரை:
வந்தது பேப்பர். நாளைக்கு அந்த ரயில்வே பதில்லேர்ந்து 87, 51 ரெண்டையும் தனியா எடுத்து எழுதுறேன். மீதி 36 அறிக்கை என்னாச்சுன்னு நீங்களே வந்து சொல்லுங்க, ஓடிடாதீங்க.

நடுநிலையான்:
ஓடுறவன் நான் இல்ல. எழுதுங்க, பார்ப்போம்.

தமிழ்வாணி_திருச்சி:
வக்கீல், இணைப்பு தேடிட்டிருக்கேன். இருங்க அங்கேயே.