போஸ்ட்கிரஸில் பெரிய ஃபைல்கள்: உள்ளேயே வைப்பதா, வெளியே எடுப்பதா?

நண்பர்களே, போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் கைதேர்ந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். நான் பார்த்துக்கொள்ளும் ஒரு ஸ்கேன் சென்டர் சாஃப்ட்வேரில் எக்ஸ்ரே, பிடிஎஃப் ரிப்போர்ட், அல்ட்ராசவுண்ட் வீடியோ எல்லாமே டேட்டாபேஸுக்குள்தான் லார்ஜ் ஆப்ஜெக்ட்டாக (ஃபைலைத் தனியாகச் சேமித்து, டேபிளில் அதன் எண்ணை மட்டும் வைக்கும் முறை) கிடக்கின்றன. எனக்கு முன்னால் இருந்தவர்கள் செய்த ஏற்பாடு. அதற்கும் காரணம் உண்டு, ஃபைலை டேபிளிலேயே வைக்கும் பைட்-ஏ வகையில் ஒரு ஃபைல் 1 ஜிபியைத் தாண்ட முடியாது, லார்ஜ் ஆப்ஜெக்ட்டில் 4 டிபி வரை போகலாம், துண்டு துண்டாகவும் படிக்கலாம்.

சிக்கல் என்னவென்றால், நோயாளி பதிவை அழித்தால் ஃபைலைச் சுட்டும் ஓஐடி எண் உள்ள வரி மட்டும் போகிறது, ஃபைல் அப்படியே உள்ளே அநாதையாக நிற்கிறது. இப்படி நிற்பவற்றை நீக்கும் வேக்யூம்-எல்ஓ கருவியை ஓட்டினேன், சரி, அநாதைகள் போய்விட்டன, ஆனால் டிஸ்க்கில் இடம் துளிகூடத் திரும்பவில்லை. டேபிளைப் புதிதாக எழுதிச் சுருக்கும் வேக்யூம் ஃபுல் கட்டளையைப் போட்டால் திரும்பும், ஆனால் முடியும்வரை டேபிளைப் பூட்டிவிடும், புதுப் பிரதி எழுதத் தனியாக இடமும் கேட்கும். நடுராத்திரியிலும் அவசர கேஸ் வரும் இடத்தில் அதற்கு எங்கே போவது? பேக்கப் கதை தனி. ராத்திரி தொடங்கும் பிஜி டம்ப் (போஸ்ட்கிரஸின் பேக்கப் கருவி), காலையில் டோக்கன் கொடுக்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஃபைல்களை மினியோ மாதிரி ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு (டேட்டாபேஸுக்கு வெளியே ஃபைல்களை வைக்கும் சேமிப்பகம்) மாற்றி, டேபிளில் பாதையும் ஃபைல் மாறவில்லை என்று சரிபார்க்க எஸ்ஹெச்ஏ-256 ஹாஷும் மட்டும் வைக்கலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் டிரான்சாக்ஷன் ரோல்பேக் ஆனாலும் (டேட்டாபேஸில் செய்த மாற்றம் ரத்தானாலும்) வெளியே எழுதிய ஃபைல் தங்கிவிடுமே, அப்புறம் இரண்டு இடத்து பேக்கப்பும் ஒத்துப்போக வேண்டுமே. செய்து பார்த்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? சேவையை நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற முடியுமா? "ஆரக்கிள் டேட்டாபேஸுக்குப் போய்விடு" என்ற யோசனை மட்டும் வேண்டாம், பட்ஜெட் இல்லை.