புதுப்பிப்பு: விறைப்பாக இருந்த பின்னல் சாட்டை, ஆறு மாதங்களுக்குப் பிறகு

சொல்லிச் செய்வித்த கங்காருத் தோல் சாட்டை கைக்கு வந்தபோது, கம்பி போல விறைத்திருக்கிறதே, பின்னலில் பிழையோ என்று கேட்டிருந்தேன். பிழை பின்னலில் இல்லை, அவசரம்தான் என்னுடையது. நாள்தோறும் சில நிமிடங்கள் மெதுவாக வீசிப் பழக்கியதில், பின்னலிலுள்ள 12 தோல் வார்களும் ஒன்றோடொன்று படிந்து, கைப்பிடியை ஒட்டிய முதல் சாண் மட்டும் விறைப்பாக நிற்க, மீதி கொடி போல வளைகிறது. நுனி ஒலியின் வேகத்தைக் கடக்கும்போது எழும் வெடிப்பொலியும் கையை வருத்தாமலே வருகிறது. நுனியிலுள்ள நூல் குஞ்சம் இருமுறை பிய்ந்தது. தேய்வதற்கென்றே உள்ள பகுதி என்பதால் நைலான் நூலை முறுக்கி நானே மாற்றினேன். தோல் காய்ந்துவிடாமல் இருக்கப் பூசும் கொழுப்புக் களிம்பை அளவுக்கு மீறிப் பூசியதுதான் என் தவறு: பின்னல் இடுக்குகளில் வெள்ளையாகப் படிந்ததைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தெடுக்க ஒரு மாலைப்பொழுது போயிற்று.