‘ரெட்-பெய்ட்டிங்’: சாயமா, பழியா, சாட்டா?

பொருள்: பனிப்போர்க் கால அமெரிக்கா: சொற்பட்டியலில் தீராத ஒரு சொல்
அனுப்புநர்: தொகுப்பாளர், சென்னை

அனைவருக்கும் வணக்கம்.

ஒருவரைச் ‘சிவப்பு’, அதாவது கம்யூனிஸ்ட், என்று காட்டித் தாக்குவதைக் குறிக்கும் ‘ரெட்-பெய்ட்டிங்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நம் தொகுதியில் என்ன தமிழ்ச் சொல் போடுவது என்பது இன்னும் இழுத்துக்கொண்டே போகிறது. வரைவுகளில் ஓரிடத்தில் ‘சிவப்புத் தூண்டில்’ என்றும் இன்னோரிடத்தில் ‘கம்யூனிச எதிர்ப்பு’ என்றும் இருக்கிறது. இரண்டும் ஆகாது.

தூண்டில் அறவே தப்பு. இந்த ‘பெய்ட்’ மீனுக்கு வைக்கும் இரை இல்லை. கரடியைக் கம்பத்தில் கட்டிப்போட்டு நாய்களை ஏவிவிடும் பழைய இங்கிலாந்து விளையாட்டிலிருந்து வந்த வினை அது. கட்டிப்போட்டதைக் கடிக்க விடுவதுதான் அடிப்பொருள்.

‘கம்யூனிச எதிர்ப்பு’ ஒரு கொள்கை; நேர்மையாகவும் இருக்க முடியும். கறுப்பின உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி. 1950இல் பாஸ்டன் மாநாட்டில் கம்யூனிஸ்டுகளைத் தன் கிளைகளில் நுழையவிடக் கூடாது என்று தீர்மானமே போட்டது. அதே சங்கத்தின் மயாமிக் கிளைத் தலைவர் தியடோர் கிப்சனிடம் ஃபுளோரிடா சட்டமன்ற விசாரணைக் குழு என்ன கேட்டது? ‘எங்களிடம் 14 கம்யூனிஸ்டுகளின் பெயர் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க உறுப்பினர் பதிவேட்டைக் கொண்டு வா’ என்று. அவர் பதிவேட்டைக் கொண்டுவர மறுத்தார். 6 மாதச் சிறை, 1,200 டாலர் அபராதம் என்று தண்டனை. 1963இல் உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில்தான் அதை ரத்து செய்தது. பாஸ்டனில் நடந்தது கொள்கை, ஃபுளோரிடாவில் நடந்தது வேறு. அந்த வேறுக்குத்தான் சொல் வேண்டும்.

என் வரையறை: ஒருவரின் கோரிக்கைக்குப் பதில் சொல்லாமல், அவரைக் கம்யூனிஸ்ட் என்றோ கம்யூனிஸ்டுகளோடு பழகுகிறவர் என்றோ காட்டி, கோரிக்கையையே செல்லாக்காசாக்குவது.

வருகிற சொல் எதுவானாலும் டோரதி பெய்லி வழக்கைப் பற்றிய பத்தியில் பொருந்த வேண்டும். பெய்லி அரசு வேலைவாய்ப்புத் துறை ஊழியர், கறுப்பினப் பெண். அதிபர் ட்ரூமன் 1947 மார்ச்சில் கொண்டுவந்த 9835ஆம் ஆணையின் கீழ் அவரது விசுவாசம் விசாரிக்கப்பட்டது. சாட்சிகள் யாரென்று அவருக்குத் தெரியாது. விசாரித்த வாரியத்துக்கே தெரியாது. அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. கொடுத்த அறிக்கை மட்டும் மேசையில். அவரிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று: ‘இரத்தத்தைப் பிரித்து வைப்பதைப் பற்றிச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நீங்கள் எப்போதாவது கடிதம் எழுதியதுண்டா?’ வெள்ளையர் கொடுத்த இரத்தத்தையும் கறுப்பர் கொடுத்த இரத்தத்தையும் செஞ்சிலுவைச் சங்கம் 1950 வரை தனித்தனியாக வைத்திருந்தது. அதை எதிர்த்து எழுதுவது கம்யூனிஸ்டுக்கு அடையாளமாம்! வேலை போயிற்று. உச்ச நீதிமன்றம் 1951இல் 4–4 என்று பிரிந்ததால் கீழ்நீதிமன்றத் தீர்ப்பே நின்றது.

இந்தப் பத்தியில் பெயராகவும், வினையாகவும், ‘ஆளானவர்’ என்ற வடிவிலும் சொல் உட்கார வேண்டும்.

—

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், மதுரை

ஐயா, வணக்கம்.

இதற்கு ஏன் இவ்வளவு தேடல்? தினம் செய்தித்தாளில் படிக்கிறோமே: ‘அரசியல் சாயம் பூசாதீர்கள்’, ‘சாதிச் சாயம் பூசுகிறார்கள்’. அதே வழியில் ‘செஞ்சாயம் பூசுதல்’. செம்மையும் சாயமும் சேர்ந்தால் செஞ்சாயம், புணர்ச்சியிலும் பிசகில்லை. ‘பெய்லி மீது செஞ்சாயம் பூசினார்கள்’ என்றால் படிப்பவருக்கு அகராதியே வேண்டாம்.

‘செம்முத்திரை’யையும் யோசித்துப் பார்த்தேன். முத்திரை ‘குத்தினால்’ வசை, ‘பதித்தால்’ பாராட்டு. மெய்ப்புப் பார்ப்பவர் ஒரு வினையை மாற்றினால் போதும், பெய்லி சாதனையாளராகிவிடுவார். அதனால் விட்டுவிட்டேன்.

ஒரு குறை மட்டும். பெயர்ச்சொல்லாக்கினால் ‘செஞ்சாயப் பூச்சு’ வருகிறது. உதட்டுச்சாய விளம்பரம் மாதிரி இருக்கிறது. ‘செஞ்சாய அரசியல்’ என்று சுற்றி வந்துவிடலாம்.

—

அனுப்புநர்: வரலாற்று ஆசிரியர், கோவை

அம்மா, சொல் அழகுதான். ஆனால் அது தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

சாயம் மேலே பூசுவது. உள்ளே நிறம் வேறு. ‘சாயம் வெளுத்துவிட்டது’ என்று நாம் சொல்வதும் அதனால்தான். ஆக, ‘செஞ்சாயம் பூசினார்கள்’ என்று எழுதியதுமே ‘அவர் கம்யூனிஸ்ட் இல்லை’ என்று உறுதி கொடுத்ததாகிறது. பெய்லி சத்தியம் செய்து மறுத்தவர், அவருக்குச் சரி. எல்லாருக்கும் சரியா?

கறுப்பின வழக்கறிஞர் வில்லியம் பேட்டர்சன் வெளிப்படையான கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். கறுப்பர்கள் மீதான படுகொலைகளைத் தொகுத்து, அமெரிக்கா இனப்படுகொலைக் குற்றம் செய்கிறது என்று 1951 டிசம்பரில் பாரிசில் ஐ.நா.விடம் மனுக் கொடுத்தார். ‘இது கம்யூனிஸ்ட் பிரசாரம்’ என்பதுதான் பதில். அவர் கம்யூனிஸ்ட் என்பது உண்மை. மனுவில் இருந்த கொலைகள் பொய்யாகிவிட்டனவா? ரெட்-பெய்ட்டிங் நடந்தது அந்த இடத்தில். பூசிய சாயம் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை.

கறுப்பின அறிஞர் டு போய்ஸ் கதை தலைகீழ். கொரியப் போர் நடக்கும்போது அணுகுண்டுக்கு எதிராகக் கையெழுத்து வாங்கிய அமைப்பின் தலைவர் என்பதற்காக, அயல்நாட்டு முகவராகப் பதிவு செய்யவில்லை என்று 1951 பிப்ரவரியில் வழக்குப் போட்டார்கள். அப்போது அவருக்கு வயது 82. நவம்பரில் நீதிபதியே வழக்கு நிற்காது என்று விடுவித்தார். அவர் கட்சியில் சேர்ந்தது 1961இல். இந்தப் பத்து வருடத்துக்குச் சாயம் எப்போது பூச்சு, எப்போது சொந்த நிறம்?

ஹைலேண்டர் பள்ளிப் படத்தையும் பாருங்கள். டென்னசியில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து படித்த பள்ளி அது. பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ், அதற்குச் சில மாதம் முன் 1955 கோடையில் அங்கே பயிற்சிக்குப் போனவர். 1957இல் அதன் 25ஆம் ஆண்டு விழாவுக்கு ஜார்ஜியா மாநிலக் கல்வி ஆணையம் அனுப்பிய ஆள் ஒரு படம் எடுத்தார். பின்னாளில் அது ‘கம்யூனிஸ்ட் பயிற்சிப் பள்ளியில் மார்ட்டின் லூதர் கிங்’ என்ற வாசகத்தோடு தென் மாநிலச் சாலையோரங்களில் விளம்பரப் பலகையாக நின்றது. படத்தில் கட்சி ஏடான டெய்லி வொர்க்கரில் எழுதிய ஆப்னர் பெர்ரியும் இருக்கிறார். அவர் கம்யூனிஸ்ட்தான். பள்ளி கட்சிப் பள்ளி அல்ல. கிங்கும் கட்சிக்காரர் அல்ல. ஒரு துண்டு உண்மையை எடுத்து முழுச் சட்டகத்துக்கும் பரப்பியதுதான் வேலை. பேச்சில் கிங் என்ன சொன்னார் என்று பலகையில் ஒரு வரி கிடையாது.

இன்னொன்று. ‘வெனோனா’ என்ற பெயரில் அமெரிக்கா இரகசியமாகப் படித்த சோவியத் தந்திகள் 1995இல் வெளியான பிறகு, அன்று குற்றம் சுமந்தவர்களில் சிலர் உண்மையாகவே சோவியத்துக்கு உளவு பார்த்தார்கள் என்று தெரிந்துவிட்டது. சாயம் என்று எழுதினால் அந்த இடங்களில் நம் தொகுதி பொய் சொல்லும். மெய்யா பொய்யா என்று முன்கூட்டியே சொல்லாத சொல் வேண்டும்.

‘செம்பழி’யும் உதவாது. பழி ‘சுமத்தினால்’ தமிழில் அது பெரும்பாலும் வீண்பழிதான்.

—

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், மதுரை

சாயத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பேட்டர்சன் மனுவோடு அது நிற்காது.

மெய் பொய் சொல்லாத சொல் நம் நீதிமன்றத் தமிழிலேயே இருக்கிறது: குற்றச்சாட்டு. நிரூபணமானாலும் குற்றச்சாட்டு, ஆகாவிட்டாலும் குற்றச்சாட்டு. ஆகவே ‘செஞ்சாட்டு’?

—

அனுப்புநர்: தொகுப்பாளர், சென்னை

சாட்டு பிடித்திருக்கிறது. ‘செஞ்’தான் உறுத்துகிறது.

முதலாவது, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ‘வேலைய செஞ்சிட்டு வரேன்’ என்பதில் ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

இரண்டாவது, செம்மை என்றால் சிவப்பு மட்டுமா? செந்தமிழ் சிவந்த தமிழ் இல்லை, செம்மொழியும் அப்படித்தான். செங்கொடி, செம்படை என்றால் கொடியும் படையும் நிறத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. சாட்டுக்கு நிறம் கிடையாது. ‘செஞ்சாட்டு’ என்பதை ‘முறையான குற்றச்சாட்டு’ என்று ஒருவர் படித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. பொருள் நேர் எதிராகப் போய்விடும்.

நீட்டியே எழுதுவோம்: சிவப்புச்சாட்டு. ஒற்று மிகும்.

—

அனுப்புநர்: ஆய்வாளர், யாழ்ப்பாணம்

வணக்கம் ஐயா.

உங்கள் பக்கத்தில் சாட்டு என்றதும் குற்றச்சாட்டுத்தான் நினைவுக்கு வரும்போல. எங்கள் பேச்சில் சாட்டு என்றால் முதலில் வருவது நீங்கள் ‘சாக்கு’ என்கிற பொருள்தான். ‘மழையைச் சாட்டி வராமல் விட்டிட்டான்’, ‘சும்மா சாட்டுச் சொல்லாதை’ என்போம். எனவே ‘சிவப்புச்சாட்டு’ எங்களுக்கு ‘சிவப்பைச் சாக்காக வைத்து’ என்றும் கேட்கும். இது குழப்பம் என்று நினைக்க வேண்டாம். இந்த விசயத்தில் இரண்டு பொருளும் தேவை.

கறுப்பினப் பாடகர் போல் ரோப்சனை எடுங்கோ. கொரியாவில் அமெரிக்கா இறங்கியதை 1950 ஜூன் கடைசியில் நியூயோர்க்கில் மேடையேறி எதிர்த்தார். ஓகஸ்டில் கடவுச்சீட்டு ரத்து. வெளியே பேசப்பட்டது கம்யூனிசம். அவர் வழக்குப் போட்டபோது அரச தரப்பு நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்ததில், ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளின் விடுதலைக்காக அவர் தீவிரமாக வேலை செய்கிறார் என்பதும் ஒரு காரணமாக இருந்தது. கம்யூனிசம் சாட்டு, உறுத்தியதில் ஆபிரிக்காவும் அடக்கம். 1956 ஜூன் 12இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் விசாரணைக் குழு முன் நிறுத்தி, ரஷ்யாவிலேயே இருந்திருக்கலாமே என்று கேட்டார்கள். என் தகப்பன் அடிமை, இந்த நாட்டைக் கட்ட என் சனங்கள் செத்தார்கள், இங்கேதான் இருப்பேன் என்றார். 1958இல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பால்தான் கடவுச்சீட்டு திரும்பக் கிடைத்தது.

ஆகவே சாட்டுக்கு என் வாக்கு.

—

அனுப்புநர்: தொகுப்பாளர், சென்னை

தம்பி, அந்த இரண்டாம் பொருளை அறியாமலே வந்து விழுந்திருக்கிறோம். பதிவில் சேர்க்கிறேன்.

பெய்லி பத்தியில் போட்டுப் பார்த்தேன். ‘செஞ்சிலுவைக்கு எழுதிய கடிதம்கூடச் சிவப்புச்சாட்டுக்குக் கருவியானது’ என்பது நிற்கிறது. ‘சிவப்புச்சாட்டுக்கு ஆளான பெய்லி’ நிற்கிறது. ‘பெய்லியைச் சிவப்புச்சாட்டினார்கள்’ நிற்கவில்லை. குற்றஞ்சாட்டு வினை, குற்றச்சாட்டு பெயர் என்ற வேறுபாடு இங்கே கிடைக்காது. எனவே தனி வினை ஆக்க வேண்டாம். ‘சிவப்புச்சாட்டு எழுப்பு’, ‘சிவப்புச்சாட்டு வை’ என்று துணைவினையோடு எழுதுங்கள். ‘சுமத்து’ மட்டும் தவிர்க்கவும், பழியின் வாடை அடிக்கிறது.

எல்லையும் குறித்துவிடுகிறேன். உறுப்பினராகத் தேர்வான கறுப்பினத்தவர் ஜூலியன் பாண்டை ஜார்ஜியா சட்டமன்றம் 1966 ஜனவரியில் உட்கார விடாதது வியட்நாம் போரை எதிர்த்த மாணவர் அமைப்பு அறிக்கையை அவர் ஆதரித்ததற்காக. அங்கே எழுந்த கேள்வி அவர் சிவப்பா என்பதல்ல, அரசியல் சட்டத்துக்கு விசுவாசமானவரா என்பது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் நின்றது. அதற்கு ‘விசுவாசச் சோதனை’ போதும். கண்டதற்கெல்லாம் சிவப்புச்சாட்டு போட்டால் சொல் நீர்த்துப்போகும்.

ஆனால் அரசுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று எடுக்க வைக்கும் ‘லாயல்டி ஓத்’துக்கு வரைவில் இருக்கும் ‘விசுவாசப் பிரமாணம்’ வேண்டாம். அது கோயிலில் சொல்லும் ஜெபம், கத்தோலிக்க வாசகர் திகைப்பார். ‘பற்றுறுதிமொழி’ என்று மாற்றியிருக்கிறேன்.

கொரியப் போருக்கு அமெரிக்க அரசு சொன்ன ‘போலீஸ் ஆக்‌ஷன்’ அப்படியே ‘போலீஸ் நடவடிக்கை’. 1948 ஐதராபாத்துக்கு நம் ஏடுகள் எழுதியதும் இதுதான். போருக்குப் போர் என்று பெயரிடாத தந்திரம் இரண்டிலும் ஒன்றே.

‘பிளாக்லிஸ்ட்’டில் ‘கருப்புப் பட்டியல்’ எங்கும் பரவிவிட்டது. ஆனாலும் ‘கறுப்பினக் கலைஞர்கள் கருப்புப் பட்டியலில்’ என்று தலைப்பு வரும் தொகுதியில் அது கண்ணைக் குத்துகிறது. ‘விலக்குப் பட்டியல்’ என்று போட்டு, பழைய சொல்லைப் பொருளடைவில் மட்டும் வைக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

—

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், மதுரை

ஆட்சேபம் இல்லை. கம்யூனிஸ்ட் கட்சியில் சேராமல் அதற்கு ஆதரவாக இருப்பவரைச் சொல்லும் ‘ஃபெல்லோ டிராவலர்’ மட்டும் பாக்கி. ‘சகபயணி’ என்றால் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர். வரைவில் யாரோ ‘உடன்போக்கர்’ என்று எழுதியிருக்கிறார்கள். அகநானூறு படித்தவர்கள், அமெரிக்க அறிவாளிகள் எல்லாரும் யாரோ ஒரு தலைவியைக் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாகச் சுரம் கடந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். ‘கட்சிசாரா ஆதரவாளர்’ என்று இப்போதைக்கு வைக்கிறேன்.