ஃபீனிக்ஸுக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு: முதல் பாலைவன நடை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் வேலை நிமித்தமாகக் குடியேறுபவர்கள், வீடும் பள்ளியும் காரும் ஒரு வழிக்கு வந்த பிறகு, பிள்ளைகளோடும் ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரோடும் பாலைவனத்தில் எங்கே நடக்கலாம் என்று கேட்பது வழக்கம். பலரும் முதலில் சொல்லும் பெயர் கேமல்பேக் மலை. ஆனால் அது செங்குத்தான பாறை ஏற்றம். குடும்பத்தோடு செல்லும் முதல் நடைக்குச் சற்றும் ஏற்றதன்று. நான் பரிந்துரைப்பது நகரின் மேற்கே, சாண்ட்லரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் வைட் டேங்க் மலைப் பூங்காவின் வாட்டர்ஃபால் டிரெயில்.

போக வர இரண்டு மைல் அளவிலான பாதை இது. ஏறக்குறைய முதல் அரை மைல் சமன்படுத்தப்பட்டிருப்பதால், கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்தும், முழங்கால் வலி உள்ள பெரியவர்களை மெதுவாக நடத்தியும் அழைத்துச் செல்லலாம். அந்தப் பகுதி முடியும் இடத்தில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கு வாழ்ந்த ஹோஹோகம் மக்கள் பாறைகளில் கொத்திய உருவங்கள் இருக்கின்றன. அவற்றைத் தொடக்கூடாது, விரலில் படிந்த எண்ணெய்ப்பசைகூட அந்தக் கருமையான பாறைத் தோலைக் கெடுத்துவிடும். பெரியவர்கள் அங்கேயே திரும்பிவிட்டாலும் பார்க்க வேண்டியதைப் பார்த்தாகிவிட்டது. மேலே செல்பவர்கள், அருவி என்ற பெயரைக் கேட்டுக் குற்றாலத்தை எதிர்பார்க்க வேண்டாம். நல்ல மழைக்குப் பின் சிறிது காலமே அதில் நீர் விழும், மற்ற நாட்களில் வெறும் பாறை மடுதான்.

இனி, உண்மையில் கவனிக்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். நம்மில் பலர், குறிப்பாக ஊரிலிருந்து வரும் அப்பாக்கள், வேலூர் வெயிலையே பார்த்தவர்களுக்கு இது என்ன பெரிய வெயில் என்று சொல்வதுண்டு. வெப்பமானியின் எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்தப் பேச்சில் ஓரளவு நியாயம் உண்டு. காற்றின் ஈரத்தைச் சேர்த்துப் பார்த்தால் இல்லை. சென்னையில் வியர்வை சட்டையை நனைத்து, நீர் இழக்கிறோம் என்பதை நமக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இங்கே காற்று மிக வறண்டது. வியர்வை சுரந்த கணத்திலேயே ஆவியாகிவிடுவதால், தோல் உலர்ந்தும் உடல் ஓரளவு குளிர்ந்தும் இருக்க, உள்ளே நீர் மட்டம் இறங்கிக்கொண்டே இருப்பது தெரிவதில்லை. எனவே தாகத்தை நம்பாமல் கடிகாரத்தைப் பார்த்துக் குடிக்க வேண்டும். வெதுவெதுப்பான நாளில் வளர்ந்தவர் ஒருவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் என்று கணக்கிட்டு எடுத்துச் செல்லுங்கள். கொண்டுசென்றதில் பாதி தீர்ந்ததும், எங்கே நின்றாலும் திரும்பிவிடுங்கள். வெறும் தண்ணீர் போதாது, உப்பும் வேண்டும். அதற்கு உப்பிட்ட நீர்மோரும் புளியோதரையும் கடையில் விற்கும் எந்தப் பானத்துக்கும் குறைந்தவையல்ல. இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரிக்கும் மாத்திரை உட்கொள்ளும் பெற்றோர், எவ்வளவு நீரும் உப்பும் கொள்ளலாம் என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது பருவம். பள்ளி விடுமுறையை உத்தேசித்துப் பெற்றோரை ஜூன், ஜூலையில் வரவழைக்கிறோம். பாலைவன நடைக்கு அதைவிட மோசமான மாதங்கள் இல்லை. 2023ஆம் ஆண்டு ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் 110 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 43 செல்சியஸ், அல்லது அதற்கு மேல் பதிவானது. கடும் வெப்ப எச்சரிக்கை நாட்களில் கேமல்பேக் போன்ற பாதைகளைப் பகலில் நகராட்சியே மூடிவிடுகிறது. நவம்பர் முதல் மார்ச் வரையே குடும்ப நடைக்கு உரிய காலம். முடிந்தால் பெற்றோரின் பயணத்தையே அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரிக் காலைகளில் குளிர் 7 செல்சியஸ் வரை இறங்கும் என்பதால் அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் அவசியம். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் இறுதி வரை பருவமழைக் காலம். எங்கோ மலைமேல் பெய்யும் மழை, நீங்கள் நிற்கும் உலர்ந்த ஓடையில் திடீரென வெள்ளமாக வரக்கூடும்.

செருப்பு வேண்டாம், மூடிய காலணிதான் சரி. பிள்ளைகளுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியதற்குக் காரணம் சோயா (cholla) என்னும் கள்ளி. லேசாக உரசினாலே அதன் துண்டு பிய்ந்து ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கையிலும் ஏறும். அகலப் பல் சீப்பு ஒன்றைப் பையில் போட்டுச் சென்று, அதை அடியில் நுழைத்து, ஆள் இல்லாத பக்கமாகத் தெறித்துவிடுவதே முறை. மீந்த முட்களுக்கு இடுக்கி. (நம் ஊர் வேலியோரச் சப்பாத்திக்கள்ளியின் பூர்வீகமும் அமெரிக்கக் கண்டமே என்று சொன்னால் தாத்தா பாட்டிகள் எளிதில் நம்புவதில்லை.) கைகளை உயர்த்தி நிற்கும் சவாரோ கள்ளிக்கு முதல் கை முளைக்கவே பெரும்பாலும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும், அதைச் சேதப்படுத்துவது அரிசோனாவில் சட்டப்படி குற்றம்.

கிலுகிலுப்பைப் பாம்புகள் மார்ச் முதல் அக்டோபர் வரை அதிகம் நடமாடும். பாதையை விட்டு விலகாமலும், பாறை இடுக்கில் கைவிடாமலும் இருந்தால் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. கடித்துவிட்டால், ஊரில் பழகியபடி கயிற்றால் இறுக்கிக் கட்டுவதோ கீறி உறிஞ்சுவதோ கூடாது. மோதிரம், வளையல்களைக் கழற்றிவிட்டு, நடமாட்டத்தைக் குறைத்து, உடனே 911ஐ அழைக்க வேண்டும். பெற்றோருக்குப் பயணக் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா என்பதையும் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

இந்த நடை பிடித்துப்போனால் அடுத்து டூசானில் உள்ள சவாரோ தேசியப் பூங்காவுக்குப் போகலாம். நகரின் கிழக்கிலும் மேற்கிலுமாக அது இரண்டு தனிப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. பூங்காவின் பெயரை மட்டும் இட்டால் வரைபடம் எந்தப் பக்கம் கொண்டுபோய் விடும் என்று சொல்ல முடியாது. போக வர 0.8 மைல் அளவே உள்ள வேலி வியூ பாதைக்கும், சிக்னல் ஹில்லில் பாறைகளில் கொத்திய உருவங்களுக்கும் செல்ல வேண்டுமானால் மேற்குப் பகுதியின் பார்வையாளர் மையத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.