சிப்காட் கம்பெனியில் கட்டாய டிரெய்னிங்: ஆட்கள் மனதில் நிற்கும்படி நடத்துவது எப்படி?

கெடிலக்கரை எழுதியது:

வணக்கம். கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஹெச்.ஆர். பிரிவில் வேலை பார்க்கிறேன். பாதுகாப்பு, பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், நடத்தை விதிகள் என்று வருஷா வருஷம் எல்லோருக்கும் கட்டாய டிரெய்னிங் நடத்துவது என் பொறுப்பு. ஆபீஸ்காரர்களுக்கு அது தலைமை அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் ஆன்லைனில் வருகிறது, நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று தட்டிவிட்டு குவிஸுக்கான விடையை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்கிறார்கள். பிளாண்ட் ஆட்களுக்கு ஹாலில் வகுப்பு. நைட் ஷிப்ட் முடித்தவர்களை அப்படியே கூட்டிவந்து உட்கார வைக்கிறோம், ஸ்லைடு ஓடுகிறது, பாதிப் பேருக்குக் கண் சொக்கிவிடுகிறது, கடைசியில் அட்டென்டன்ஸ் ஷீட்டில் கையெழுத்து. காண்ட்ராக்ட் ஆட்களில் பலர் ஒடிசா, பீகார் பையன்கள், அவர்களுக்குத் தமிழும் புரியாது, ஆங்கிலமும் புரியாது.

குவிஸ் போட்டி வைக்கலாம், பரிசுக் கூப்பன் தரலாம், கார்ட்டூன் வீடியோ போடலாம் என்று மேனேஜ்மென்ட்டில் யோசனை சொல்கிறார்கள். எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை. இங்கே கையாளுகிற சரக்கு அப்படிப்பட்டது, தெரியாமல் ஒரு வால்வைத் திறந்தால் உயிர் போகும். உங்கள் இடங்களில் எது எடுபட்டது என்று சொல்லுங்கள்.

காற்றுப்பை எழுதியது:

நான் அதே சிப்காட்டில் சேஃப்டி ஆபீசர். முதலில் ஹாலை விட்டு வெளியே வாருங்கள் மேடம். பத்துப் பதினைந்து பேரை யார்டுக்குக் கூட்டிப்போங்கள், மேலே பறக்கிற காற்றுப்பையை, அதாவது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டுகிற துணிக்குழாயைக் காட்டுங்கள், ஒரு டேங்கைக் கையால் காட்டி "இதில் இப்போது குளோரின் கசிகிறது, எந்தப் பக்கம் ஓடுவீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். பாதிப் பேர் நேராக கேட்டைக் காட்டுவார்கள், ஏனென்றால் தினமும் அந்த வழியாகத்தான் வருகிறார்கள், போகிறார்கள். காற்று அந்தப் பக்கமே அடித்தால் வாயுவும் அவர்கள் கூடவே வரும். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், தரையோடு தவழும், பள்ளத்தில் தங்கும். குறுக்காக விலகி, அப்புறம் காற்று வருகிற திசைக்குப் போக வேண்டும். கோடையில் இங்கே காலையில் மேற்கிலிருந்து காற்று, மதியத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து. அப்படியானால் ஏ ஷிப்ட்காரனுக்குச் சரியான வழி பி ஷிப்ட்காரனுக்குத் தப்பாகிவிடலாம். இதை ஸ்லைடில் சொன்னால் ஒரு வரி. யார்டில் நின்று சொன்னால் ஆட்களே வாக்குவாதம் பண்ண ஆரம்பித்துவிடுவார்கள், அந்த வாக்குவாதம்தான் டிரெய்னிங்.

கழிவுநீர் டேங்க் பக்கம் போனால் இன்னொன்று கேளுங்கள். "முட்டை அழுகின நாற்றம் வந்துகொண்டிருந்தது, திடீரென்று நின்றுவிட்டது, உள்ளே இறங்கலாமா?" அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) பக்கம் போனாலே மூக்கு மரத்துவிடும், நாற்றம் நின்றது நல்ல அறிகுறி இல்லை. தொட்டியில் விழுந்தவனைத் தூக்கப்போய் அடுத்தவனும் விழுந்து சாவது இந்த நாட்டில் ஓயாமல் நடக்கிறது. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் யாரும் இறங்கக்கூடாது, மீட்கப் போகிறவனும் சேர்த்துத்தான். வாயுவை அளக்கிற மீட்டரை ஆட்கள் கையிலேயே கொடுத்து அளக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு விதிக்கும் பின்னால் நடந்ததையும் சொல்லுங்கள். 1984 டிசம்பரில் போபாலில் அவ்வளவு பேர் செத்த பிறகுதான் 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, இங்கே என்ன ரசாயனம் இருக்கிறது, அதனால் என்ன ஆபத்து என்று தொழிலாளிக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். இந்த வகுப்பு தன் உரிமை என்று தெரிந்தவன் உட்காரும் விதமே வேறு.

பி ஷிப்ட் எழுதியது:

மேடம், நான் ஆபரேட்டர், வேற கம்பெனி. எங்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். கண்ணில் ஆசிட் பட்டால் உடனே 15 நிமிஷம் கழுவ வேண்டும் என்று வருஷா வருஷம் ஸ்லைடு காட்டுகிறார்கள். எங்கள் பிளாக்கில் கண் கழுவுகிற குழாயில் தண்ணீர் வரவில்லை. போன வருஷ வகுப்பிலேயே எழுந்து சொன்னேன், குறித்துக்கொண்டார்கள், இந்த வருஷமும் வரவில்லை. அப்புறம் அந்த ஹாலில் நான் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்? ஆட்கள் தூங்குவது அலுப்பால் மட்டும் இல்லை மேடம், சொல்லியும் ஒன்றும் நடக்காது என்று தெரிந்துபோனதால்தான். பரிசுக் கூப்பனுக்குச் செலவு பண்ணுகிற காசில் முதலில் குழாயைச் சரிபண்ணச் சொல்லுங்கள். போன வகுப்பில் யார் என்ன சொன்னார்கள், அதில் எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன் என்று அடுத்த வகுப்பு அதிலிருந்து ஆரம்பிக்கட்டும், யாரும் தூங்க மாட்டார்கள்.

ஷிப்ட் முடிந்த பிறகு வைக்கவே வைக்காதீர்கள். பண்ருட்டி பஸ், சிதம்பரம் பஸ் கிளம்பிவிடும் என்கிற நினைப்பிலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஷிப்ட் நடுவில், சம்பள நேரத்தில் வையுங்கள்.

சேதராப்பட்டு எழுதியது:

புதுச்சேரிப் பக்கம் மருந்துக் கம்பெனியில் க்யூ.ஏ., அதாவது தர உறுதிப் பிரிவில் இருக்கிறேன். எங்களுக்குப் பெரிய தலைவலி பதிவேடு. செய்ததைச் செய்த நேரத்திலேயே எழுத வேண்டும், தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும், ஒயிட்னர் பக்கமே போகக்கூடாது. வகுப்பில் இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போய், ஷிப்ட் கடைசியில் எல்லா ரீடிங்கையும் ஒரே மூச்சில் நிரப்புவார்கள். இப்போது ஸ்லைடை விட்டுவிட்டோம். ஒரு பேட்ச் ஷீட்டை (ஒரு தடவை தயாரிக்கிற மருந்துக்கான பதிவுத் தாள்) நாங்களே தயார் பண்ணி அதில் தப்புகளை ஒளித்து வைக்கிறோம், மேலெழுதிய எண், எட்டு மணி நேரமும் அச்சடித்த மாதிரி ஒரே வெப்பநிலை, லீவில் இருந்த ஆளின் கையெழுத்து, இந்த மாதிரி. இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டும். பழைய ஆபரேட்டர்கள் நாங்கள் வைக்காத தப்பையும் கண்டுபிடித்துக் காட்டுகிறார்கள்! அதில் அவர்களுக்கு ஒரு பெருமை, புதுப் பையன்களுக்கு அவர்களே சொல்லிக்கொடுக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு முழுநாள் என்பதையும் உடைத்துவிட்டு மாதம் கால் மணி, அரை மணி என்று ஆக்கினோம். ஒரே மூச்சில் கேட்டதை எல்லோரும் சீக்கிரம் மறந்துவிடுகிறார்கள், விட்டு விட்டுக் கேட்டால்தான் நிற்கிறது.

மொழிக்கு: சொல்லிக்கொடுத்த பிறகு "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். இந்தி பேசுகிற ஒரு பையனை விட்டு மற்றவர்களுக்குத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், செய்தும் காட்டச் சொல்லுங்கள். எங்கே விட்டுப்போச்சு என்று அப்போது தெரியும்.

கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பி ஷிப்ட் அண்ணா, கோபமே இல்லை, நீங்கள் சொன்னதை அப்படியே எங்கள் பிளாண்ட் ஹெட்டிடம் எடுத்துப் போகிறேன். பாதுகாப்புக்கு வழி தெரிகிறது. பாலியல் துன்புறுத்தல் தடுப்பு வகுப்புதான் எனக்குக் கஷ்டம். ஆண்கள் ஒரு மாதிரி சிரிக்கிறார்கள், பெண்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். நாடகம் போடலாமா என்று ஒருவர் கேட்டார்.

முத்தியால்பேட்டை எழுதியது:

நாடகம் வேண்டாம்மா. சக ஊழியரே அந்த வேஷம் கட்டினால் சிரிப்பில்தான் முடியும், உள்ளுக்குள் அதை அனுபவித்துக்கொண்டிருக்கிற ஒரு பெண் அந்த ஹாலிலேயே உட்கார்ந்திருக்கலாம். நான் புதுச்சேரியில் சில கம்பெனிகளில் இந்தப் புகார்களை விசாரிக்கிற உள்ளகக் குழுவில் வெளி உறுப்பினராக இருக்கிறேன், எனக்கு எடுபட்டதைச் சொல்கிறேன்.

சூப்பர்வைசர்களுக்கு முதலில், தனியாக. மேலே இருப்பவன் கேலி பண்ணாமல் உட்கார்ந்தால்தான் கீழே இருப்பவனும் உட்காருவான். சட்டம் எங்கிருந்து வந்தது என்பதில் தொடங்குகிறேன்: ராஜஸ்தானில் அரசுத் திட்டம் ஒன்றில் வேலை செய்த பன்வாரி தேவி, குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992-இல் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அது அவர் செய்த வேலைக்காக நடந்தது. அதையொட்டிப் போன வழக்கில்தான் 1997-இல் உச்ச நீதிமன்றம் பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க விசாகா நெறிமுறைகளைக் கொடுத்தது, 2013-இல் சட்டம் வந்தது. இதைச் சொன்ன பிறகு யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் பிரிவு எண்களை விட்டுவிட்டுக் கேள்விகள்தான். கம்பெனி பஸ்ஸில் நடந்தால் அது பணியிடமா? ஆமாம், நிறுவனம் ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடம்தான் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு சூப்பர்வைசர் ஆபாசமாக மெசேஜ் அனுப்பினால்? காண்ட்ராக்டில் வந்து கூட்டுகிற அக்கா புகார் கொடுக்கலாமா? கொடுக்கலாம், பயிற்சிக்கு வந்த பெண்ணும் கொடுக்கலாம். இந்த பஸ் கேள்வியில்தான் ஹால் முழுக்க நிமிரும், ஏனென்றால் எல்லோரும் அதில் வருகிறவர்கள்.

பெண்களோடு தனியாக ஒரு முறை கட்டாயம் உட்காருங்கள். அவர்களுக்கு வேண்டியது சட்ட வகுப்பு இல்லை, யாரிடம் போவது, வெளியே தெரியுமா, வேலை போய்விடுமா, இவ்வளவுதான். மூன்று மாதத்துக்குள் புகார் எழுதிக் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் தரலாம், எழுத முடியாதவருக்குக் குழுவே எழுத உதவ வேண்டும், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும், பெயரை வெளியே விடக்கூடாது. குழுவில் இருப்பவர்களை நேரில் கூட்டிவந்து முகத்தைக் காட்டுங்கள். பல கம்பெனிகளில் போர்டில் பெயர் இருக்கும், அந்தப் பெண்மணி யார் என்று பிளாண்டில் ஒருவருக்கும் தெரியாது.

பி ஷிப்ட் எழுதியது:

அந்த போர்டையும் ஆபீஸ் வாசலில் மாட்டாதீர்கள் மேடம். பெண்கள் உடை மாற்றுகிற அறையிலும் பஸ்ஸுக்குள்ளேயும் ஒட்டுங்கள், அங்கேதான் யாரும் பார்க்காமல் நம்பரைக் குறித்துக்கொள்ள முடியும். தமிழிலும் இந்தியிலும் போடுங்கள்.

கெடிலக்கரை எழுதியது:

செய்கிறேன் அண்ணா. அடுத்த மாதம் கழிவுநீர்ப் பிரிவு ஆட்களோடு யார்டில் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன், ஷிப்ட் நடுவில் அரை மணி நேரம் கேட்டிருக்கிறேன், உற்பத்தி குறையும் என்று இழுக்கிறார்கள். காற்றுப்பை சார், வாயு மீட்டரை ஆட்கள் கையில் கொடுக்கும் முன் அளவு சரிபார்ப்பு யார் பண்ண வேண்டும், உங்கள் இடத்தில் எப்படிச் செய்கிறீர்கள்?

காற்றுப்பை எழுதியது:

தினமும் எடுக்கும் முன் சோதனை வாயு காட்டி ஒரு தடவை பார்த்துவிடுவோம், அலாரம் அடித்தால்தான் அது வெளியே போகும். முழு அளவுத்திருத்தம் மீட்டரோடு வந்த கையேட்டில் சொல்லியிருக்கிற இடைவெளியில். அந்தத் தினசரிச் சோதனையையே வகுப்பில் ஆட்களை விட்டுச் செய்யச் சொல்லுங்கள். அரை மணி கிடைக்கவில்லை என்றால் தொட்டியில் இறங்க பர்மிட் வாங்க வருகிற இடத்திலேயே பத்து நிமிஷம் நில்லுங்கள், இறங்கப் போகிறவன் எப்படியும் அங்கே வந்துதான் ஆக வேண்டும்.