புதுப்பிப்பு: இரண்டு ஆரஞ்சு சென்ட்டில் எது?

கும்பகோணத்து வெயிலில் சும்மா கடைத்தெருவுக்குப் போகும்போது அடித்துக்கொள்ள, இனிப்பான ஆரஞ்சு சென்ட் இரண்டில் எதை வாங்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேனே: அத்தெலியே கொலோனின் ஆரஞ்ச் சாங்கீன், எர்மேஸின் ஓ த மாந்தரின் ஆம்ப்ரே. சாங்கீனையே வாங்கிவிட்டேன்.

ஆம்ப்ரே மோசமில்லை. கமலா ஆரஞ்சும் பேஷன் ஃப்ரூட்டும் தொடக்கத்தில் அருமை. ஆனால் நம்ம ஊர்ப் புழுக்கத்தில், பழ வாசனை அடங்கியதும் அம்பர் என்ற கனமான பிசின் வாசனையின் இனிப்பு பாகு மாதிரி கழுத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. மார்கழிக்குச் சரி. சாங்கீன் அப்போதுதான் உரித்த பழத்தோலின் வாசனை, கொஞ்சம் கசப்பும் உண்டு. சீக்கிரம் போய்விடும்தான், ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன் என்ற வாசனைப் பொருள், அது வேகமாக ஆவியாகிவிடும். அதனால் உடம்பில் அடிக்காமல் பருத்திச் சட்டையில் அடிக்கிறேன், மதியம் வரை தாங்குகிறது. வெள்ளை வேட்டியில் மட்டும் வேண்டாம், கறை படியலாம்.

அப்புறம், 'ரெண்டையும் வாங்கிடு' என்றவர்கள் காசு அனுப்பினால் வாங்கிவிடுகிறேன்.