சனிக்கிழமை சர்க்கரை வகுப்பு

22 மே 2021

நான்: பெரியம்மா, ஆஸ்பத்திரியில் இருந்து வீடியோவில் நடத்திய சர்க்கரை நோய் வகுப்பு சாயங்காலம் எப்படி இருந்தது?

பெரியம்மா: ரொம்ப நன்றாக இருந்தது. ஊரடங்கு வந்ததில் இருந்து ஆஸ்பத்திரிக்கே போகவில்லையா, டாக்டர் முகத்தைப் பார்த்ததே தெம்பாக இருந்தது. பாடம் எடுத்தது நர்ஸ் பிள்ளை. எடுத்தவுடனே, "எல்லோரும் இன்சுலின் பாட்டிலையும் சிரிஞ்சையும் கேமரா முன்னால் பிடியுங்கள்" என்றாள். ஒரு பெரியவர் கையில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்று 40 போட்ட பாட்டில், ஆனால் மில்லிக்கு 100 யூனிட் மருந்துக்கான 100 போட்ட சிரிஞ்சு. மெடிக்கலில் ஸ்டாக் இல்லை என்று அதைக் கொடுத்திருக்கிறார்கள். அதில் 20 வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தானாம்! பாவம், சர்க்கரை ஏன் ஏறுகிறது என்று தெரியாமல் சோற்றைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

நான்: அடக் கடவுளே. 40க்கு சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி, இல்லையா?

பெரியம்மா: அதேதான். மூடியை மட்டும் நம்பாமல் எண்ணையும் படிக்கச் சொன்னாள். நமக்கு வருகிற ஃபார்வர்டு எதுவும் நம் கையில் இருக்கும் ஊசியைப் பார்ப்பதில்லையே.

கோவை மாமா: அக்கா, நேற்றில் இருந்து எனக்குக் காய்ச்சல். கொரோனா டெஸ்ட் கொடுத்திருக்கிறேன். கஞ்சி கூட இறங்கவில்லை. சாப்பிடாததால் இன்றைக்கு ராத்திரி ஊசி வேண்டாம் என்று நினைக்கிறேன்.

பெரியம்மா: தம்பி, நீயாக நிறுத்தாதே! இன்றைக்கு அரை மணி நேரம் இதைத்தான் சொன்னார்கள். காய்ச்சல் வந்தால் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரை ஏறும். அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை டாக்டர் சொல்லட்டும். மாத்திரையும் அப்படித்தான், சிலதைக் காய்ச்சல் நேரத்தில் நிறுத்தச் சொல்வார்களாம். இப்போதே போன் போடு.

நான்: மாமா, வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கிறதா? 4 மணி நேரத்துக்கு ஒரு முறை பாருங்கள். 70க்குக் கீழே போனால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். வாந்தி நிற்காவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, ஆக்சிஜன் 94க்குக் கீழே வந்தாலோ வீட்டில் இருக்க வேண்டாம்.

அத்தை: மதினி, இப்போது 236 காட்டுகிறது. ஆக்சிஜன் 97. டாக்டர் போன் பிஸியாகவே இருக்கிறது.

நான்: விடாமல் அடியுங்கள் அத்தை. கிடைக்காவிட்டால் அரசு மருத்துவ உதவி எண் 104க்குப் பேசுங்கள். அரசின் ஆன்லைன் டாக்டர் சேவையான இ-சஞ்சீவனியிலும் போன் நம்பர் கொடுத்து டோக்கன் வாங்கினால் டாக்டர் வீடியோவில் வருவார், காசு கிடையாது.

பெரியம்மா: குளுக்கோமீட்டரில் போடும் ஸ்ட்ரிப் எத்தனை இருக்கிறது? திங்கட்கிழமை முதல் தளர்வில்லாத ஊரடங்கு. மெடிக்கல் திறந்திருக்கும், ஆனாலும் அலைய வேண்டாம். நாளைக்கே யாரையாவது விட்டு வாங்கி வை.

அத்தை: 6 ஸ்ட்ரிப்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சொல்கிறேன்.

அத்தை: டாக்டர் கிடைத்துவிட்டார். ராத்திரி ஊசியை வழக்கமான அளவிலேயே போடச் சொன்னார். ஒரு மாத்திரையை மட்டும் காய்ச்சல் விடும்வரை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

பெரியம்மா: அப்பாடா. ராத்திரி 2 மணிக்கும் அலாரம் வைத்துப் பார். எவ்வளவு என்று இங்கேயே போடு, நான் முழித்துத்தான் இருப்பேன்.